வியாதியாயிருந்தேன், விசாரிக்க வந்தீர்கள்: பெங்களூரு ஆஸ்பத்திரிகளில் நம் ஊர்க்காரர்களுக்கு உதவ முழுமையான வழிகாட்டி

ஞாயிறு ஆராதனை முடிந்து மதியம் ஒன்றரை மணி. ஒரு கட்டிலைச் சுற்றி ஒன்பது பேர் நிற்கிறார்கள். தலைமாட்டில் இரண்டு சீப்பு வாழைப்பழம், நாலு இளநீர். ஒருவர் கண்ணை மூடிச் சத்தமாக ஜெபிக்கிறார், மற்றவர்கள் ஆமென் சொல்கிறார்கள். கட்டிலில் இருப்பவருக்கு வாரம் மூன்று தடவை டயாலிசிஸ். வாழைப்பழத்திலும் இளநீரிலும் இருக்கிற பொட்டாசியத்தை அவருடைய கிட்னியால் வெளியேற்ற முடியாது. அது ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். கூட வந்த மனைவி தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்து நாலு நாளாக வராண்டாவில் படுத்திருக்கிறார். அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. எல்லோரும் போன பிறகு அந்தப் பழங்களை யாருக்குக் கொடுப்பது என்ற வேலையும் அவருக்குத்தான்.

வந்த ஒன்பது பேரும் நல்லவர்கள். குறை அவர்கள் மனதில் இல்லை, வந்த முறையில் இருக்கிறது. மத்தேயு 25:36-ஐ தமிழ் வேதாகமத்தில் கவனித்துப் படித்தால் முறை அங்கேயே கிடைக்கும். காவலிலிருந்தவனைப் "பார்க்கவந்தீர்கள்" என்றும், வியாதியாயிருந்தவனை "விசாரிக்க வந்தீர்கள்" என்றும் இருக்கிறது. நல்ல சமாரியன் சத்திரக்காரனிடம் சொல்வதும் "நீ இவனை விசாரித்துக்கொள்" என்பதே. விசாரிப்பது என்றால் என்ன வேண்டும் என்று கேட்டு, அதைச் செய்து, ஆனதா என்று மறுபடியும் கேட்பது. பழைய கத்தோலிக்கப் பேச்சில் பங்குக் குருவுக்கே விசாரணைக் குரு என்றுதான் பெயர்.

கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம், வேலூர், கே.ஜி.எஃப். (கோலார் தங்கவயல்) பக்கத்திலிருந்து நிமான்ஸ் (மூளை, மனநலம்), கித்வாய் (கேன்சர்), ஜெயதேவா (இதயம்), விக்டோரியா, சஞ்சய் காந்தி எலும்பு ஆஸ்பத்திரி என்று தினமும் தமிழர்கள் பெங்களூருக்கு வருகிறார்கள். சிவாஜிநகர், விவேக்நகர், காக்ஸ் டவுன், லிங்கராஜபுரம், ஸ்ரீராமபுரம் என்று தமிழ்ச் சபைகளும் இங்கே குறைவில்லை. ஒரு சபையில் ஆறு பேர் ஒழுங்காகச் சேர்ந்தால் இந்த வழிகாட்டியில் உள்ள எல்லாவற்றையும் செய்யலாம்.

ஆறு பேர், ஒரே ஆஸ்பத்திரி

முதல் மூன்று மாதம் ஒரே ஓர் ஆஸ்பத்திரி, அதிலும் ஒன்றிரண்டு வார்டு போதும். நாலு ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒரு தடவை போனால் எந்த வாசல் காவலாளிக்கும் உங்களைத் தெரியாது. ஒரே இடத்துக்கு வாரம் இரண்டு தடவை போனால் எந்தக் கவுண்டர் எத்தனை மணிக்கு மூடும், எந்த லிஃப்ட் ஸ்ட்ரெச்சருக்கு மட்டும், எந்த சிஸ்டர் தமிழ் பேசுவார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். வெளியூர்க் குடும்பத்துக்கு இந்தத் தகவல் பணத்தைவிடப் பெரியது.

ஆறு பேரில் கன்னடம் நன்றாக எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஒருவர் கட்டாயம் வேண்டும். இரண்டு பெண்களாவது இருக்க வேண்டும். பெண்கள் வார்டுக்கு ஆண்கள் மட்டும் போகக் கூடாது. நர்ஸாகவோ பார்மசியிலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் சபையில் இருந்தால் அவரை விடாதீர்கள். ஒரு தடவைக்கு இருவர் மட்டும், எப்போதும் அதே இருவர் அல்ல. புதன் மாலை இரண்டு மணி நேரம், சனி காலை இரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் ஒருவருக்கு மாதத்தில் மூன்று முறைக்கு மேல் வராது. எல்லாவற்றையும் ஒருவரே ஓடிச் செய்கிற சபைகளில் அந்த ஒருவர் களைத்ததும் ஊழியமே நின்றுபோகும்.

வார்டுக்குள் நுழையும் முன் அங்குள்ள சோஷியல் ஒர்க்கரைப் பாருங்கள். சபையின் லெட்டர்ஹெட்டில் ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள்: யார் வருவார்கள், எந்த நாள், என்ன செய்வார்கள் (மொழிபெயர்ப்பு, கவுண்டர் வேலைக்குத் துணை, கூட இருப்பவர்களுக்குச் சாப்பாடு), என்ன செய்ய மாட்டார்கள் (பிரசங்கம், துண்டுப்பிரதி, போட்டோ). இந்தக் கடைசி வரியைக் கேட்கிறவர்கள் சபைக்குள்ளேயே முகம் சுளிப்பார்கள். அது இல்லாவிட்டால் அனுமதி கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் நிலைக்காது.

கட்டிலருகே முதல் பதினைந்து நிமிடம்

சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்தால் அன்றைக்குப் போகாதீர்கள். கீமோ எடுப்பவருக்கு வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்; உங்கள் சாதாரண ஜலதோஷம் அவரை ஐ.சி.யூ.வுக்கு அனுப்பலாம். பூங்கொத்து வேண்டாம். நுழையும்போதும் ஒவ்வொரு கட்டிலுக்கு நடுவிலும் கையைச் சுத்தம் செய்யுங்கள்.

முதலில் டியூட்டி நர்ஸ். "யாரைப் பார்க்கலாம், யாரைப் பார்க்க வேண்டாம்?" என்று கேட்டால் அவரே சொல்லிவிடுவார்.

பிறகு நோயாளி. "ஸ்தோத்திரம் பிரதர்" வேண்டாம், "வணக்கம்" போதும். வயதைப் பார்த்து ஐயா, அம்மா, அண்ணா, அக்கா என்று கூப்பிடுங்கள். "இப்பப் பேசலாங்களா, இல்ல அப்புறம் வரட்டுமா?" என்று கேளுங்கள். ஊசி, மாத்திரை, ஸ்கேன், எதையும் அவர் வேண்டாம் என்று சொல்ல முடியாத இடம் அது. உங்களை வேண்டாம் என்று சொல்லும் உரிமையாவது அவருக்கு இருக்கட்டும். வேண்டாம் என்றால் சிரித்த முகத்தோடு நகர்ந்துவிடுங்கள்; சனிக்கிழமை அவரே கூப்பிடலாம்.

கட்டிலில் உட்காராதீர்கள். டிரிப்ஸ், யூரின் பை எதையும் தொடாதீர்கள். "என்ன வியாதி?" என்று கேட்காதீர்கள், சொல்ல நினைத்தால் சொல்வார். "எங்க சித்தப்பாவுக்கும் இதேதான்" என்ற பேச்சு வரவே கூடாது, சித்தப்பா பிழைத்திருந்தாலும்.

அடுத்தது கூட இருப்பவர். பெரும்பாலான உதவி இவருக்குத்தான் தேவை. "ஏதாவது உதவி வேணுங்களா?" என்று கேட்டால் நம் ஊர்க்காரர்கள் பத்தில் ஒன்பது பேர் "ஒண்ணும் வேணாங்க, எல்லாம் இருக்கு" என்பார்கள். முன்பின் தெரியாதவரிடம் கை நீட்டக் கூடாது என்ற கௌரவம் அது. அதற்குப் பதில் இந்த மூன்றைக் கேளுங்கள்:

"ராத்திரி எங்க படுக்கிறீங்க?"
"கடைசியா எப்பச் சாப்டீங்க?"
"அடுத்து எந்தக் கவுண்டருக்குப் போகச் சொல்லியிருக்காங்க?"

இவற்றுக்கு "ஒண்ணும் வேணாம்" என்று பதில் சொல்ல முடியாது. வராண்டாவில் படுக்கிறேன் என்றால் வளாகத்தில் தர்மசாலை இருக்கிறதா, சீட்டு எங்கே வாங்குவது என்று அடுத்த வேலை தெரிந்துவிடும். நிமான்ஸ், கித்வாய் வளாகங்களில் தர்மசாலைகள் இருக்கின்றன. இடம் கிடைப்பதற்கு வார்டிலிருந்து எழுதித் தர வேண்டியிருக்கும்.

கிளம்பும்போது ஒரே ஒரு சின்ன வாக்கு கொடுங்கள்: என்ன, எப்போது, யார். "சனிக்கிழமை பத்து மணிக்கு மேரி அக்கா வருவாங்க, உங்களோட எக்ஸ்ரே கவுண்டருக்கு வருவாங்க." முடியாததை முடியாது என்று அப்போதே சொல்லுங்கள். "நாளைக்கு வர்றோம்" என்று வாய்ப்பழக்கத்தில் சொல்லிவிட்டுப் போனால் அந்த அம்மா மறுநாள் முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார், டாய்லெட்டுக்குக்கூட அவசரமாகப் போய் வருவார். "உங்கள் அன்பு மாயமற்றதாயிருப்பதாக" என்று ரோமர் 12:9-ல் இருப்பது வார்டில் இந்த அளவுக்குச் சின்ன விஷயம்.

பதினைந்து நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள். நிற்கும் நேரத்திலும் பேச்சு குறைவாக இருக்கட்டும். யோபின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒன்றும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை அவர்கள்மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கன்னடம் என்ற சுவர்

வெளியூர்த் தமிழருக்கு வியாதியைவிடப் பயம் தருவது கவுண்டரில் கேட்கும் கன்னடம். இரண்டு மொழிக்கும் பொதுவான சொற்கள் நிறைய இருப்பதால் பாதி புரிந்த மாதிரி இருக்கும்; ஆபத்தே அங்கேதான். "ஊட்டத மேலே" என்றால் சாப்பிட்ட பிறகு. தமிழ்க் காதுக்கு அந்த "மேலே" எங்கேயோ மேல்மாடியில் போய் நிற்கும். "ஊட்டக்கெ முஞ்செ" என்றால் சாப்பாட்டுக்கு முன். "நாளெ" நாளைக்கு, "நாடித்து" நாளை மறுநாள். "மாத்ரெ" மாத்திரை, "சீட்டி" சீட்டு. "ஸ்வல்ப நிதானவாகி ஹேளி" என்றால் கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள். "இவரிகெ கன்னட பரல்ல" என்றால் இவருக்குக் கன்னடம் வராது. இந்த ஏழெட்டையும் தமிழ் எழுத்தில் ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தால் நீங்கள் இல்லாத நாளிலும் அது வேலை செய்யும்.

நீங்களே மொழிபெயர்க்கும்போது ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லுங்கள். டாக்டர் ஐந்து நிமிடம் பேசியதை "ஒண்ணுமில்ல, சரியாயிடும்ங்கிறார்" என்று சுருக்குவது இரக்கம்போலத் தெரியும், அது பொய். நோயாளியிடம் கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாதீர்கள். உங்களுக்கே புரியாத வார்த்தை வந்தால் நிறுத்தி டாக்டரிடம் கேளுங்கள்.

ஆபரேஷன் சம்மதப் படிவத்தில் நோயாளியோ உறவினரோதான் கையெழுத்துப் போட வேண்டும். "நீங்க படிச்சவங்க, போட்டுடுங்க" என்று கெஞ்சினாலும் உறவினர் இடத்தில் கையெழுத்திடாதீர்கள். நிதானமாகப் படித்துக் காட்டுங்கள், சந்தேகத்தைக் கேட்க வையுங்கள். உங்கள் வேலை அவ்வளவுதான்.

சாப்பாடு: யாருக்கு, எவ்வளவு, எப்போது

ஒரு விதியை மட்டும் கல்லில் செதுக்கியதுபோல் வைத்துக்கொள்ளுங்கள்: நர்ஸைக் கேட்காமல் நோயாளியின் வாயில் எதுவும் போகக் கூடாது, ஒரு வாய்த் தண்ணீர்கூட. ஆபரேஷனுக்கு முன் திட உணவு குறைந்தது ஆறு மணி நேரம் நிறுத்தியிருப்பார்கள். இரண்டு இட்லி ஊட்டிவிட்டால் ஆபரேஷன் தள்ளிப்போகும், சொல்லாமல் மறைத்தால் மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குப் போகும். பக்கவாதம் வந்தவருக்கு விழுங்கும் தசை வேலை செய்யாமல் இருக்கலாம். தாகம் என்கிறாரே என்று தண்ணீர் கொடுத்தால் அதுவும் நுரையீரலுக்குத்தான் போகும், நிமோனியா வரும். இதய வால்வு மாற்றி ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் திடீரென்று தினமும் கீரையாகக் கொடுத்தால் மாத்திரையின் வேகம் குறையும். கீமோ வார்டில் வெட்டி வைத்த பழமும் வெளியில் வாங்கிய ஜூஸும் வேண்டாம்.

கூட இருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை. இருபது பேருக்குப் புளிசாதம் என்றால் அரிசி இரண்டரை கிலோ, புளி 250 கிராம், நல்லெண்ணெய் 300 மில்லி. தயிர்சாதம் வெயிலில் புளித்துப் போகும், தேங்காய்ச் சட்னி அதற்கும் முன்னால் கெட்டுவிடும். எலுமிச்சைச் சாதமும் புளிசாதமும் தாங்கும். ஆனாலும் இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் கைக்குப் போய்விட வேண்டும். வெதுவெதுப்பாக நெடுநேரம் இருக்கும் சோற்றில் வாந்தி வரவைக்கும் கிருமி பெருகும், மறுபடி சூடு பண்ணினாலும் அதன் விஷம் போகாது. கஞ்சி என்றால் இருபது பேருக்கு ஒரு கிலோ நொய், கால் கிலோ பாசிப்பருப்பு, ஒன்பது லிட்டர் தண்ணீர், உப்பு 40 கிராம். மூடிபோட்ட ஹாட்பாக்ஸில் கொதிக்கக் கொதிக்க எடுத்துப் போங்கள்.

பொட்டலத்தில் வசனம் ஒட்டாதீர்கள். சாப்பாட்டுக்கு விலை கேட்பதுபோல் ஆகிவிடும். பக்கத்துக் கட்டில் முஸ்லிம் குடும்பத்துக்கும் அதே பொட்டலம், அதே அளவு. வாரம் இரண்டு நாள் நீங்கள் கொடுப்பீர்கள், மீதி நாளுக்கு அருகில் இந்திரா கேன்டீன் (அரசின் மலிவு விலை உணவகம்) எங்கே என்று காட்டிக் கொடுங்கள். 2017-ல் தொடங்கியபோது அங்கே காலை டிபன் ஐந்து ரூபாய், மதியமும் இரவும் பத்து ரூபாய்.

சாப்பாட்டைவிடப் பல சமயம் உதவுவது ஒரு பை. தட்டு, டம்ளர், ஸ்பூன், பாய், கனமான போர்வை, ஒரு லிட்டர் பிளாஸ்க், சோப்பு, சின்னப் பூட்டும் சங்கிலியும், நீள வயர் வைத்த சார்ஜர், நோட்டு, பேனா. பெண் என்றால் நாப்கின் ஒரு பாக்கெட். போர்வையை விட்டுவிடாதீர்கள்: டிசம்பர், ஜனவரியில் இங்கே ராத்திரி 15 டிகிரிவரை இறங்கும், சேலத்துக்காரர் ஒரு துண்டோடு வந்திருப்பார். பூட்டு எதற்கென்றால் வராண்டாவில் தூங்கும்போது முதலில் காணாமல் போவது செல்போனும் ஃபைல் வைத்த பையும்தான்.

கவுண்டரும் காசும்

தமிழ்நாட்டு ரேஷன் கார்டு முழுக்கத் தமிழில் இருக்கும். இங்குள்ள கிளார்க் தேடுவது பி.பி.எல். (வறுமைக் கோட்டுக்குக் கீழ்) என்ற எழுத்து, நம் கார்டில் அது இருக்காது, பி.எச்.எச். (முன்னுரிமைக் குடும்பம்) என்றுதான் குறியீடு இருக்கும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று யாராவது கன்னடத்தில் எடுத்துச் சொன்னால் சலுகைக்கு வழி திறக்கலாம். ஒத்துக்கொள்ளாவிட்டால் ஊரில் இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு விண்ணப்பித்து, அதை வாட்ஸ்அப்பில் வாங்கிப் பிரிண்ட் எடுக்கலாம்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எல்லா ஊரிலும் இலவசம் என்று நம்பி வருவார்கள். பொதுவாக அந்தக் குடும்பம் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுப் பட்டியலிலும் இருந்தால்தான் வெளி மாநிலத்தில், அதுவும் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில், செல்லுபடியாகும். சிகிச்சைக்கு முன்பே ஒப்புதல் வாங்க வேண்டும். ஆபரேஷன் முடிந்து பில் வந்தபின் அட்டையை நீட்டினால் பெரும்பாலும் பயனில்லை. ஆகவே அட்மிஷன் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் உள்ள ஆரோக்கிய மித்ரா (காப்பீட்டு உதவியாளர்) மேசைக்குக் கூட்டிப் போங்கள். கேன்சர் நோயாளிக்குச் சிகிச்சைக்காகப் போய்வரும் ரயில் பயணத்தில் ஸ்லீப்பர் வகுப்பில் முழுக் கட்டணச் சலுகை உண்டு, துணைக்கு வருபவருக்கு முக்கால் பங்கு. ஆஸ்பத்திரி தரும் சான்றிதழ் படிவம் வேண்டும். பலருக்கு இது தெரியாமல் இரண்டு வருடம் முழுக் காசு கொடுத்து வந்துபோகிறார்கள்.

சபை நிதியிலிருந்து கொடுப்பதற்கு முன்பே ஒரு வரம்பு எழுதி வையுங்கள். ஒரு குடும்பத்துக்கு முதல் தடவை இரண்டாயிரம் ரூபாய் என்பதுபோல. பணத்தைக் கையில் கொடுக்காமல் பில் கவுண்டரிலோ மருந்துக் கடையிலோ நீங்களே கட்டி, ரசீதின் ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் கையெழுத்து இல்லாமல் ஒரு ரூபாய் எடுக்கக் கூடாது. கடன் என்று கொடுக்காதீர்கள்: திருப்பித் தர முடியாதவர் அடுத்த தடவை உங்களைக் கண்டதும் மறைந்துகொள்வார், உதவியும் போகும் உறவும் போகும். சமாரியன் இரண்டு பணம் கொடுத்து, அதிகமாகச் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்றான். அப்போதைக்குக் கொடுப்பதற்கு ஓர் அளவு வைத்திருந்தான் என்றே தோன்றுகிறது. வலதுகை செய்வதை இடதுகை அறியக் கூடாது என்பது கொடுத்தவரின் பெருமைக்குச் சொன்னது, கணக்குப் புத்தகத்துக்கு அல்ல.

ரத்தம் கேட்டால் வாலிபர் சங்கம் நினைவுக்கு வரும். பட்டியலை முன்பே சரிபார்த்து வையுங்கள்: வயது 18 முதல் 65, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5. ஆண்கள் 90 நாளுக்கு ஒருமுறை, பெண்கள் 120 நாளுக்கு ஒருமுறை. கடந்த ஒரு வருடத்தில் பச்சை குத்தியவர் வேண்டாம். காலைச் சாப்பாட்டைத் தவிர்த்து வந்தவர்களும் தூக்கமில்லாமல் வந்தவர்களும்கூடத் திருப்பி அனுப்பப்படலாம்.

ஜெபம், எண்ணெய், உபவாசம்

நோயாளி கேட்டால் ஜெபியுங்கள். விசுவாசி என்று தெரிந்தால் "ஜெபம் பண்ணலாங்களா?" என்று ஒரு தடவை கேட்கலாம், இரண்டாவது தடவை வேண்டாம். பிற மதத்தவரிடம் நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். ஒரு நிமிடம், பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத குரல். அவர் பெயரையும் அவர் சொன்ன பயத்தையும் சொல்லி ஜெபித்தால் போதும். "சுகமானீர்" என்று அறிவிக்காதீர்கள். நாளைக்கு ரிப்போர்ட் வேறு மாதிரி வந்தால் தன் விசுவாசம் போதவில்லை என்று தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வார்.

தலையில் கை வைக்கும் பழக்கத்தை நியூரோ வார்டில் அறவே விட்டுவிடுங்கள். மூளை வீக்கம் குறைவதற்காக மண்டையோட்டின் ஒரு துண்டை எடுத்து வைத்திருப்பார்கள். கட்டுக்குக் கீழே அந்த இடத்தில் தோல்தான் இருக்கும், எலும்பு இருக்காது. கையைப் பிடித்து ஜெபியுங்கள், அதுவும் டிரிப்ஸ் இல்லாத கையை. எண்ணெய் பூசுவதானால் போதகரும் நர்ஸும் சம்மதித்த பிறகு நெற்றியில் ஒரு துளி. ரேடியேஷன் கொடுக்கும் தோலில் எண்ணெய் படக் கூடாது. ஆக்சிஜன் ஓடும் இடத்தில் எண்ணெயும் மெழுகுவர்த்தியும் நெருங்கவே கூடாது. விழுங்கச் சிரமப்படுபவருக்கு நற்கருணை அப்பமும் உணவுதான். அதற்கும் நர்ஸைக் கேட்க வேண்டும்.

டிஸ்சார்ஜ் ஆன பிறகு சபைகளில் நடக்கிற விபத்துகள் தனி வகை. வலிப்பு உள்ளவரை முழு இரவு ஜெபத்துக்கு அழைப்பார்கள். தூக்கம் கெட்டாலே வலிப்பு வரலாம். இருதுருவ மனநோய் (பைபோலார்) உள்ளவருக்கும் ஓர் இரவு தூங்காதது அதீத உற்சாக நிலையைத் தூண்டிவிடலாம். அதைப் பரிசுத்த ஆவியின் நிரப்புதல் என்று நினைத்து மைக்கைக் கொடுத்தவர்களும் உண்டு. அந்த நோய்க்குத் தரும் லித்தியம் மாத்திரை சாப்பிடுபவர் தண்ணீரும் உப்பும் இல்லாமல் உபவாசம் இருந்தால் மருந்து ரத்தத்தில் ஏறி நச்சாகும். கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரி. இன்சுலின் போட்டுக்கொண்டு உபவாசம் இருப்பவருக்குச் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். உபவாச நாளன்று போதகர் அறிவிப்பில் ஒரு வரி சேர்க்கட்டும்: மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சாப்பிட்டுவிட்டு வந்து ஜெபியுங்கள்.

மாத்திரையை நிறுத்தச் சொல்ல யாருக்கும் அதிகாரமில்லை. "பிசாசின் கட்டு, மருந்து வேண்டாம்" என்று கேட்டு வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வரும், உயிர் போகலாம். மனநல உதவிக்கு அரசின் டெலி மானஸ் தொலைபேசி எண் 14416, நாள் முழுக்க, தமிழிலும் பேசலாம். இந்த எண்ணைச் சபை அறிவிப்புப் பலகையில் ஒட்டி வையுங்கள்.

ஜெபக் குறிப்பு என்ற பெயரில்

"சகோதரி இன்னாருக்காக ஜெபிக்கவும், கர்ப்பப்பையில் கேன்சர், கணவர் விட்டுப் போய்விட்டார்." காலையில் ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டால் மாலைக்குள் அவருடைய ஊருக்கே போய்விடும். கிருஷ்ணகிரியில் அவர் தங்கைக்குப் பார்த்துக்கொண்டிருக்கிற வரன் கலைந்துபோவதற்கு அது போதும். எச்.ஐ.வி. இருப்பதை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்வதை 2017-ன் எச்.ஐ.வி. சட்டம் தடுக்கிறது, மனநோயாளியின் ரகசியத்துக்கு அதே வருட மனநலச் சட்டம் காவல். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், அது அவருடைய ரகசியம்.

குழுவில் இப்படிப் போடுங்கள்: "சனிக்கிழமைக் குழு: ஒரு அக்கா, நாளை காலை ஆபரேஷன், ஜெபிக்கவும்." பெயர், நோய், கட்டில் எண், போட்டோ எதுவும் வேண்டாம். குழுவின் நோட்டில் முதலெழுத்தும் வார்டும் கொடுத்த வாக்கும் மட்டும் இருக்கட்டும். சாப்பாடு கொடுக்கிற போட்டோவை யாராவது எடுத்தால் அங்கேயே அழிக்கச் சொல்லுங்கள். தட்டு நீட்டிய கையோடு தன் முகம் பேஸ்புக்கில் இருப்பதை யார் விரும்புவார்?

டிஸ்சார்ஜ் அன்றைக்கு

பஸ் பிடிக்கிற அவசரத்தில் இருப்பார்கள். இருபது நிமிடம் கேட்டு வாங்கி மூன்று வேலை செய்யுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் எல்லாப் பக்கங்களையும் அவர்கள் போனிலேயே போட்டோ எடுத்துக் கொடுங்கள். மருந்துச் சீட்டில் உள்ள 1-0-1 என்பது காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. படிக்கத் தெரியாதவருக்குச் சூரியன், உச்சி வெயில், நிலா என்று படம் வரைந்து அட்டையில் மாத்திரையின் நிறத்தோடு எழுதுங்கள். எஸ்.ஓ.எஸ். என்றால் தேவைப்பட்டால் மட்டும் என்று தனியாகச் சொல்லுங்கள், தினமும் போட்டுவிடுவார்கள். அடுத்த ஓ.பி. தேதியை நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள். மாத விலை தாங்காது என்றால் ஜன் ஔஷதி என்ற மலிவு விலை மருந்துக் கடையில் அதே மருந்து கிடைக்குமா என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

மூன்றாம் நாள் ஒரு போன்: மருந்து வாங்கிவிட்டார்களா, காய்ச்சல் உண்டா, தையலில் நீர் கசிகிறதா. பிறகு ஓ.பி. தேதிக்கு இரண்டு நாள் முன் ஒரு போன். அதற்குமேல் நீங்களாகக் கூப்பிட வேண்டாம். சபைக்கு வருகிறாரா என்று கேட்கும் போனாக அது மாறிவிட்டால் முன்பு செய்ததெல்லாம் தூண்டில் போலத் தெரியும்.

மரணம் நேர்ந்தால்

இந்த இடத்தில் பெரும்பாலான குழுக்கள் பாட்டுப் பாட நிற்கும், காகிதத்தைக் கவனிக்காது. குடும்பத்துக்கு அந்த நேரத்தில் தலை சுற்றும். ஒருவர் அழுகிறவர்களோடு இருங்கள், மற்றவர் காகிதத்தோடு.

விபத்து, தற்கொலை, விஷம், தீக்காயம் என்றால் போலீஸ் வழக்கு. போஸ்ட்மார்ட்டம் முடியாமல் உடல் கிடைக்காது. "ஆள் தெரியும், சீக்கிரம் வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்பவர்கள் மார்ச்சுவரி வாசலிலேயே இருப்பார்கள், அவர்களிடமிருந்து குடும்பத்தைக் காப்பதும் உங்கள் வேலை. ஆம்புலன்ஸ் வாடகையை ஏறும் முன்பே, போக வரக் கிலோமீட்டர், டோல், டிரைவர் பேட்டா எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகப் பேசி எழுதி வாங்குங்கள். ஓசூர் நாற்பது கிலோமீட்டர்தான். அதற்குமேல் எவ்வளவு என்று பேசத் தெரியாததால்தான் ஏமாறுகிறார்கள். எந்தச் சடங்கு, எந்தச் சுடுகாடு, எந்தக் கல்லறை என்பதை வீட்டார் தீர்மானிக்கட்டும்.

இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். பெங்களூரில் இறந்தவருக்கு ஊர்ப் பஞ்சாயத்தில் சான்றிதழ் கிடைக்காது என்பது பதினைந்து நாள் கழித்து, கிராம நிர்வாக அலுவலர் திருப்பி அனுப்பும்போதுதான் பலருக்குத் தெரியவரும். ஆஸ்பத்திரியே 21 நாளுக்குள் பதிவுக்கு அனுப்பும். அதற்கு எழுதிக் கொடுக்கும் படிவத்தில் பெயரின் எழுத்துக்களை ஆதாரைப் பார்த்து ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்: தமிழ்ப் பெயரைக் கன்னடத்தில் எழுதும்போது "பழனி" "பளனி" ஆகும், தகப்பன் பெயரின் இனிஷியல் காணாமல் போகும். ஒரு எழுத்து மாறினால் விதவை ஓய்வூதியமும் வங்கிக் கணக்கும் மாதக்கணக்கில் நிற்கும். ஐந்து பிரதிகளாவது வாங்குங்கள். அவர்களால் மறுபடி வர முடியாது என்றால் சபையில் ஒருவர் பொறுப்பெடுத்து, தயாரானதும் ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிட்டு, கைக்கு வந்ததா, பெயர் சரியாக இருக்கிறதா என்று ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.